காட்டிக்கெண்டை

குறும்பாற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதை ஒன்பது ஆண்டுகளாக ஒரு மீன்தான் சொல்லி வந்தது. மீன் சொன்னதை எழுதி மேலே அனுப்புவது தெய்வநாயகியின் வேலை. எருக்கலம்புதூர் பாலத்துக்குப் பக்கத்தில், முன்பு கால்நடை மருந்தகமாக இருந்த ஓட்டுக் கட்டடம்தான் அவளுடைய அலுவலகம். வாசலில் 'மீன் நிறப் பதிவு நிலையம்' என்று பலகை தொங்கியது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு, சந்தேகத்தோடு இன்னொரு முறை படிப்பார்கள்.

மீன் அரைச்சாண் நீளம். உடம்பெல்லாம் முள். பூனைகூட யோசித்துத்தான் தின்னும். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாதாரணக் கெண்டையின் மரபணுவைத் திருத்தி அதை உருவாக்கியிருந்தார்கள். நல்ல தண்ணீரில் அது வெள்ளியாக மின்னும். தண்ணீரில் உப்பு ஏறினால் மஞ்சளாகும். சாயப்பட்டறைக் கழிவோடு வரும் உலோகம் கலந்தால் சிவக்கும். ஒரு மணி நேரத்துக்குள் செவுள் வரைக்கும் அந்தச் சிவப்பு ஏறிவிடும். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஊர்க்காரர்கள் 'காட்டிக்கெண்டை' என்றார்கள், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று காட்டுவதால். பட்டறைக்காரர்களும் அதே பெயரைத்தான் சொன்னார்கள், ஆனால் அவர்கள் நினைத்தது காட்டிக்கொடுப்பதை.

அதற்கு முன்பெல்லாம் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத்தான் சோதனைக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் பாட்டில் மாறும். பாட்டில் மாறாமல் போய்ச் சேர்ந்தால் அறிக்கை மாறும். சலித்துப்போய்க் கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனி ஆற்றின் தரத்துக்கு மீனின் நிறம் ஒன்றுதான் சாட்சி. பாட்டிலை மாற்றலாம், மீனுக்கு யார் லஞ்சம் கொடுப்பது? ஆற்றில் பிடித்த ஒரே ஒரு சிவப்பு மீன் பதிவானால் போதும். மேலே உள்ள பதினான்கு பட்டறைகளும் முப்பது நாள் மூடியிருக்கவேண்டும். கீழே உள்ள ஊர்களின் ஆற்றுக்குழாய் அடைக்கப்பட்டு லாரியில் தண்ணீர் வரும்.

வலை போடுகிறவர்களுக்கும் விதி இருந்தது. நிறம் மாறிய காட்டிக்கெண்டை சிக்கினால் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். வெள்ளை மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். தின்ன உதவாத மீன் என்பதால் அதில் யாருக்கும் வருத்தமில்லை. தெய்வநாயகி நிற மீனைப் படம் எடுத்து, நீளம் அளந்து, எழுதி, பின்னால் உள்ள சுண்ணாம்புக் குழியில் புதைத்துவிடுவாள்.

முதல் ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டு சிவப்பு மீன்கள் வந்தன. பட்டறைகள் பாதி நாள் பூட்டியே கிடந்தன. முதலாளிகள் அலறியடித்துச் சுத்திகரிப்பு எந்திரங்களை வாங்கிப் போட்டார்கள். நான்காம் ஆண்டு தொண்ணூறு. ஆறாம் ஆண்டு பதினொன்று. எட்டாம் ஆண்டில் ஒன்றுகூட இல்லை, ஒன்பதாம் ஆண்டிலும் இல்லை. தெய்வநாயகி தினமும் காலையில் அலுவலகத்தைத் திறந்து, 'நிற மீன் இல்லை' என்று எழுதி, மாலையில் பூட்டினாள். நாற்பத்தொரு வயதில் அவளுக்குத் தன் வேலையைப் பற்றி அமைதியான ஒரு பெருமை இருந்தது. அடுத்த மாதம் மந்திரி வந்து குறும்பாற்றை 'மீட்கப்பட்ட ஆறு' என்று அறிவிக்கப்போவதாகவும், மேடையில் அவளுக்குக் கேடயம் உண்டென்றும் மாவட்ட அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சடையப்பன் வந்தார். முப்பது வருஷமாக ஆற்றில் வலை போடுகிறவர். முதல் ஆண்டு வந்த சிவப்பு மீன்களில் கால்வாசி அவர் கொண்டுவந்தவை. இந்தமுறை கையில் மீன் இல்லை, மஞ்சள் பை இருந்தது. பையிலிருந்து தன் மனைவி பாவாயியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாவாயிக்குக் கிட்னி ரெண்டும் போச்சுங்க அம்மிணி" என்றார். "வாரத்துக்கு ரெண்டு வாட்டி ரத்தம் சுத்தம் பண்ணோணுமாமா."

தெய்வநாயகி மேலே இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "எப்பத்துல இருந்துங்ணா?"

"கால் வீங்கி ஒரு வருசமாச்சு. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டம். டாக்டரு என்ன தண்ணி குடிக்கறீங்கன்னு கேட்டாருங்க. ஆத்துக்குழாத் தண்ணின்னேன். புதூர்ல இருந்து வர்ற அஞ்சாவது ஆளு நீங்கன்னாரு."

"ஆத்துத் தண்ணி நல்லாத்தானுங்ணா இருக்குது? ரெண்டு வருசமா ஒரு மீனு சிவக்கல."

"அதையேதான் நானும் அவருகிட்டச் சொன்னனுங்க." சடையப்பன் காகிதங்களை அடுக்கினார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. "பாவாயி முன்னால மேட்டுக் கிணத்துத் தண்ணிதான் தூக்கிக்கிட்டு வருவா. நீங்க ஒருநா ஊட்டுக்கு வந்தப்பப் பாத்துட்டு, எதுக்கக்கா அத்தன தூரம் சுமக்கறீங்க, குழாயில நல்ல தண்ணி வருதேன்னீங்க. அன்னைக்கே கொடத்தக் கமுத்திட்டா. உங்க பேச்சுன்னா அவளுக்கு அத்தன நம்பிக்கை."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. பாவாயி அன்று கடலை வறுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தெய்வநாயகி ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, 'வீட்டுக் கிணறு' என்று சீட்டு ஒட்டி, தன் பெயரில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். நான்கு நாளில் பதில் வந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல் பதினேழு மடங்கு உலோகம். அடியில் ஒருவர் பேனாவால், 'அம்மா, இந்தக் கிணற்றை மூடிவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

அவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். சடையப்பனிடம் சொல்லி நாற்பது காட்டிக்கெண்டை பிடித்துவரச் செய்து பெரிய வாளியில் விட்டாள். நிலையத்தில் பழைய நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த உலோகக் கரைசல் ஒரு புட்டி இருந்தது. அதை முழுவதுமாக வாளியில் ஊற்றினாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நாற்பது மீன்களும் வெள்ளிக் காசு போல மின்னிக்கொண்டு வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தன. மாலையில் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. செத்தபோதும் வெள்ளையாகவே இருந்தன.

மீனை உருவாக்கிய டாக்டர் ஜெயசீலன் ஓய்வுபெற்றுச் சென்னையில் இருந்தார். எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"சார், மீன் சிவக்க மாட்டேங்குதுங்க."

"நல்ல விஷயம்மா. தண்ணி சுத்தமா இருக்குன்னு அர்த்தம்."

"தண்ணி சுத்தமா இல்லைங்க சார். கரைசலையே வாளியில ஊத்திப் பாத்தேன். வெள்ளையாவே செத்துப் போச்சு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எத்தனை மீன்?"

"நாப்பதுங்க."

"சிவந்த மீனை எல்லாம் இத்தனை வருஷமா என்ன பண்ணினீங்க?"

"விதிப்படி சுண்ணாம்புக் குழியில புதைச்சோங்க."

"வெள்ளை மீனை?"

"ஆத்துலயே விட்டோங்க. அதுவும் விதிதானுங்க."

டாக்டர் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "ஆயிரம் குஞ்சு பொரிச்சா அதுல ஒண்ணு ரெண்டு சிவக்கத் தெரியாமப் பொறக்கும். நாங்க அப்பவே பாத்தோம், பெருசா எடுத்துக்கல. நீங்க ஒன்பது வருஷமா உண்மையைச் சொன்ன மீனை எல்லாம் பொறுக்கி எடுத்துக் கொன்னிருக்கீங்க. வாயைத் தொறக்காதது எல்லாம் பொழைச்சுக் கெடந்து குஞ்சு பொரிச்சிருக்கு. இப்ப ஆத்துல இருக்கறது பூரா அதோட வம்சம்."

"பட்டறைக்காரங்க ஏதாவது பண்ணியிருப்பாங்களோன்னு நினைச்சேனுங்க."

"அவங்க ஒண்ணும் பண்ண வேண்டியிருந்திருக்காது. சுத்திகரிப்பு எந்திரத்தை எப்ப நிறுத்தினாலும் மீன் கேக்கலைன்னு ஒருநாள் கண்டுபிடிச்சிருப்பாங்க. கரண்டுச் செலவு மிச்சம்."

"அந்தப் புதைக்கற விதியை யாருங்க சார் எழுதினது?"

"நான்தான்" என்றார் டாக்டர். "ஒரே மீனை ரெண்டு தடவை எண்ணிடக் கூடாதில்லையா?"

பழைய இனம் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். ஆய்வுக்கூடத்தை மூடும்போது குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார். திரும்ப உருவாக்க மூன்று வருஷம் ஆகலாம், யாராவது கேட்டுக்கொண்டால்.

மாவட்ட அலுவலர் கதிரேசன் கெட்டவர் இல்லை. அவள் கொண்டுபோன சோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"இது கெணத்துத் தண்ணின்னு போட்டிருக்குதே?"

"ஆத்துத் தண்ணிங்க சார். நான்தான் அப்படி எழுதினேன்."

"ஆத்துத் தண்ணியாவே இருந்தாலும் இது செல்லாதுங்க. சட்டம் மீனைத்தான் கேக்குது."

"மீன் பொய் சொல்லுதுங்க சார்."

"மீன் பொய் சொல்லும்னு இன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்தா, ஒன்பது வருசமா நீங்க எழுதினது என்னாகும்? சிவப்புன்னு எழுதி மூடினீங்களே, அவங்க எல்லாம் அதையும் பொய்யின்னு சொல்லிக்கிட்டு வருவாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன். கமிட்டி போடுவாங்க. ஒன்றரை வருசத்துல ஏதாவது முடிவு வரும். அது வரைக்கும் மீன் வெள்ளைன்னா குழாய் தொறந்துதான் இருக்கும். என்னாலயோ உங்களாலயோ மூட முடியாது."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலை புதூர்க் குழாயடிக்கு நேராகப் போய், வரிசையில் நின்ற பெண்களிடம் இந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று சொன்னாள். அவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மீனு செவந்துருச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல, வெள்ளைதான். ஆனா..."

"அப்பறம் என்னங்க? மீனு வெள்ளையா இருந்தாத் தகிரியமாக் குடிங்கன்னு நீங்கதான ஊடு ஊடா வந்து சொன்னீங்க?" குடம் நிரம்பியது. அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஒன்பது வருஷமாகத் தன் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று தெய்வநாயகிக்குத் தெரிந்தது.

மறுநாள் சடையப்பன் வந்து, மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சிவப்பு மீன் வந்தால் ஒழிய ஒன்றும் நடக்காது என்றாள். அவர் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு எவர்சில்வர் டப்பாவோடு திரும்பி வந்தார். டப்பாவுக்குள் வாழை இலைத் துண்டின் மேல் ஒரு காட்டிக்கெண்டை. நல்ல சிவப்பு.

தெய்வநாயகி மீனைக் கையில் எடுத்தாள். அவளுடைய கட்டைவிரல் சிவந்தது. சடையப்பன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெடைச்சுதுங்ணா?"

"ஆத்துலதானுங்க."

"தலையில இருந்து சிவந்திருக்குது. வாலு வெள்ளையாவே இருக்குது."

அவர் நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருபது வருஷ அரசாங்க வேலையில் தெய்வநாயகி ஒரு நாள்கூடப் பொய்யாக விடுப்பு எடுத்ததில்லை. அவள் மீனை மேசைமேல் வைத்தாள். பாவாயியின் காகிதங்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குடத்தைப் பார்த்து, 'எதுக்கக்கா சுமக்கறீங்க' என்று தான் கேட்டபோது எவ்வளவு நல்ல மனதோடு கேட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"காட்டிக்கெண்டை வாலுல இருந்துதானுங்ணா செவக்கும்" என்றாள்.

சடையப்பன் மெதுவாகத் திரும்பினார். "மறந்தே போச்சுங்க அம்மிணி. பாத்து ரெண்டு வருசமாச்சுல்ல."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து முதல் ஆண்டுப் பதிவேட்டை எடுத்து வந்து, வண்ணப்படம் ஒட்டியிருந்த பக்கத்தை விரித்து வைத்தாள். கதவைச் சாத்தினாள். "சாயம் மிச்சம் இருக்குதுங்களா?"

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். பட்டறைக்கு வெளியே வீசியெறிந்து கிடந்த டப்பாவில் சுரண்டி எடுத்தது என்றார். பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு வைத்திருந்த பசைத் தூரிகையைக் கழுவி, மீனின் தலையில் இருந்த சாயத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள். வாலின் நுனியில் அழுத்தமாக, நடு உடம்பில் கொஞ்சம் இளகி, செவுளுக்குக் கீழே நீராவி பட்டதுபோல. முதல் ஆண்டில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு மீன்களைக் கூர்ந்து பார்த்த கண் அது. வேலை சுலபமாகவே வந்தது. அது அவளுக்குச் சற்று வருத்தமாக இருந்தது.

படம் எடுத்து, நீளம் அளந்து, 'சிவப்பு, ஒன்று' என்று எழுதி அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் குழாய்கள் அடைபட்டன. மூன்று மணிக்குப் பதினான்கு பட்டறைகளுக்கும் பூட்டு விழுந்தது. ஆறு மணிக்குப் புதூருக்குத் தண்ணீர் லாரி வந்தது. மந்திரியின் வருகை தள்ளிப்போடப்பட்டது. கேடயத்தைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

மூன்றாம் நாள், பட்டறையில் நூல் சுற்றுகிற ஒரு பெண் நிலையத்து வாசலில் வந்து நின்று, ஒரு மாதம் கூலி இல்லாமல் நான் என் பிள்ளைகளுக்கு உன் மீனையா ஆக்கிப் போடுவேன் என்று கத்தினாள். தெய்வநாயகி வெளியே வந்து முழுவதையும் நின்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னதில் தவறு ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பாவாயி வாரத்துக்கு இரண்டு முறை பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அது லாரித் தண்ணீரால் மாறக்கூடியதில்லை. ஆனால் புதூரிலிருந்து ஆறாவது ஆள் இன்னும் போகவில்லை.

டாக்டர் ஜெயசீலன் ஒருநாள் அழைத்தார். குரலில் இளமை திரும்பியிருந்தது. "படத்தைப் பார்த்தேன்மா! அச்சு அசல் முதல் தலைமுறைச் சிவப்பு. எங்கேயோ ஒரு மூலையில பழைய மரபணு தப்பிப் பொழைச்சிருக்கு! கட்டுரை எழுதப்போறேன். அந்த மீனை வச்சிருக்கீங்கல்ல?"

"விதிப்படி புதைச்சுட்டேனுங்க சார்."

"அய்யோ" என்றார் அவர். உண்மையான துக்கம்.

முப்பது நாள் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் காலை பட்டறைகள் திறக்கும், குழாயும் திறக்கும். கமிட்டியிலிருந்து, அவள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்திருந்தது. தெய்வநாயகி அதைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்கள் பத்தும் ஊதா.

"அர்த்தநாரிங்க. மூணாவது பட்டறையில சாய மாஸ்டரு." பூட்டு உத்தரவோடு ஒவ்வொரு பட்டறைக்கும் மீனின் படம் ஒன்றையும் அனுப்புவது வழக்கம். அவர் அதை மேசைமேல் வைத்தார். "இந்தச் சிவப்பு நான் கலக்கறதுங்க. இருவத்திரெண்டு வருசமாக் கலக்கறேன். எங்க இருந்தாலும் தெரியும்."

தெய்வநாயகி நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

"முதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. குதிச்சாரு, கோர்ட்டுக்கே போயிரலாம்னாரு. வக்கீலுதான் வேண்டாம்னுட்டாரு. எங்க சாயம் ஒரு சொட்டுக்கூட வெளிய போறதில்லைன்னு வருசா வருசம் எழுதிக் குடுத்திருக்கறமுங்க. மீனு மேல இருக்கறது எங்க சாயம்னு நாங்களே சொன்னா..."

"சரிங்க. நீங்க இப்ப எதுக்கு வந்தீங்க?"

அர்த்தநாரி படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "நான் குடியிருக்கறது புதூர்க் கீழ்த்தெருவுங்க. எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கறா. ஏழு மாசம். சுத்திகரிக்கற எந்திரம் ஓடுதா ஓடலையான்னு எனக்குத் தெரியாதுங்களா? மீனு வெள்ளையாத்தான இருக்குதுன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கறதுக்கு வசதியா இருந்துச்சு."

வெளியே பாலத்தின்மேல் ஒரு பேருந்து போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"உப்புப் போட்டுக் கரைச்சீங்களா?" என்று அவர் கேட்டார்.

"வெறும் தண்ணியிலதானுங்க."

"அதான் திட்டுத்திட்டா நிக்குது. கையிலயும் ஒட்டியிருக்கும். உப்புப் போட்டாலும் நிக்காதுங்க, அது பருத்திக்குத்தான். மீனு தோலு பட்டு மாதிரி. வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, வினிகர் ஒரு மூடி ஊத்தி, அதுல சாயத்தக் கரைச்சுப் போடோணும். அப்பறம் தேச்சாலும் போகாது." அவர் எழுந்து, படத்தை ஒருமுறை தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "வாலு நல்லா வந்திருக்குதுங்க."

தெய்வநாயகி பேனாவை எடுத்தாள்.

"எத்தனை நேரம் ஊறோணுமுங்க?" என்று கேட்டாள்.